பூட்டைத் தொடாதவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் மூட்டுவலி குறைந்ததா?

நேற்று சாவி உள்ளேயே இருக்க, என் அறைக்கதவு பூட்டிக்கொண்டது. அந்த வழியாக முன்பு பூட்டுகளைத் திறந்து திருடிவந்த ஒருவர் வந்தார். சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அலுவலரான என் கண்காணிப்பில் நீதிமன்றம் விட்டிருப்பவர். “கொஞ்சம் திறந்து விடுங்களேன்” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நல்லா இருக்கே சார்! பூட்டைத் தொட்டா ஜெயில்னு சொன்னதே நீங்கதானே? பொண்ணு இப்பத்தான் என்கிட்ட பேச ஆரம்பிச்சிருக்கா.”

வெட்கமாகிவிட்டது. அவரே பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தார். “இன்னொரு சாவியை யார்கிட்டயும் கொடுத்து வைக்கலியா சார்?” என்றார். நம் வீட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டே நீ தாழ்ப்பாளை எடுத்துவிடுவாய் என்றேன்.

மாற்றுச் சாவியை இத்துடன் அனுப்புகிறேன். உன் சாவிக்கொத்தில் கோத்து வை. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன் மகன்