அடங்காத தடித்த கம்பி

9.8.98
இன்றைக்கும் பெனடிக்ற் சாப்பிடவில்லை. மத்தியானம் முழுக்கக் கிற்றார்தான். பிடித்துக்கொண்டு போன ஆமிக்காரர் நாலு மாதம் வைத்திருந்துவிட்டுத்தான் அவனை விட்டார்கள். என் பேரன் முழுசாகத்தான் வந்தான், இடது பெருவிரல் மட்டும் மடங்கவில்லை. அந்த விரல்தான் கிற்றாரின் கழுத்துக்குப் பின்னாலிருந்து வளைந்து, மேலே உள்ள தடித்த கம்பியைத் தொட்டு அடக்க வேண்டுமாம். அடங்காத கம்பி பாட்டுக்குள்ளே மாடு மாதிரிக் கத்துகிறது.

என் மனுசன் செத்து இன்றோடு இருபத்தேழு வருடம். அன்றைக்குத் திங்கட்கிழமை. பிரேதம் வீட்டில் கிடக்க, பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா றேடியோவை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

13.8.98
"அந்தக் கம்பியை அடிக்காமல் விடன்ரா" என்றேன்.
"அடிக்காட்டிலும் மற்றக் கம்பியளோட சேர்ந்து முழங்கும், அம்மம்மா."
"அப்ப கழட்டி எறி."
"மற்ற இடங்களுக்கு அது வேணுமே."
வந்த பிறகு அவன் இவ்வளவு கதைத்தது இன்றைக்குத்தான்.

20.8.98
பாடகர் குழுவை நடத்துகிற பஸ்ரியன் மாஸ்ரர் வந்தார். "மாதா திருநாளுக்கு மூண்டு கிழமைகூட இல்லை, ஆச்சி. அந்தக் கம்பி அடங்காட்டி இந்த முறை ஆர்மோனியம் மட்டும் போதும்."
"உங்கட தொண்டை அடைக்கேக்க நாங்கள் உங்களை நிப்பாட்டினனாங்களே, மாஸ்ரர்?"
அவர் சிரித்தார். பெனடிக்ற் சிரிக்கவில்லை. எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றான். கன நேரம் நின்றான். கிற்றாரும் போனால் இவன் என்ன செய்வான்? அந்தக் கிணறு எனக்குப் பயமாக இருக்கிறது.

21.8.98
நான் என்ன செய்ய.

24.8.98
அவன் குளிக்கப் போன நேரம் நான் கழுத்தில் போடுகிற உத்தரியத் துணியைக் கழற்றிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். மாதாவின் துணி; அந்த ஒரு கம்பியை மட்டும் மாதா அடக்கித் தருவா என்று நம்பினேன். வந்து தட்டினான். ஆறு கம்பியும் செத்துக் கிடந்தன.
"அம்மம்மா, எல்லாம் ஊமையாப் போச்சு."
ஏசவில்லை. உத்தரியத்தை எடுத்து என் கழுத்தில் திரும்பப் போட்டுவிட்டான். ஏசியிருக்கலாம்.

1.9.98
பின்னேரங்களில் கிற்றாரோடு கோயிலுக்குப் போகிறான். பிரான்சிஸ்காவின் பேத்தி அன்ரோனெற்றும் அங்கே பாடப் போகிறாள்.
"அவளின்ர பக்கத்தில இருக்காதை" என்றேன்.
"ம்" என்றான்.

7.9.98
நாளைக்கு ஒரு பாட்டு மட்டும் விடுகிறாராம் மாஸ்ரர். பிழை விட்டால் அதோடு சரி. மாதாவே.

8.9.98
திருநாள் பூசை. காணிக்கைப் பாட்டுக்குப் பெனடிக்ற் கிற்றாரை எடுத்தான். அவனுக்கு இடது பக்கத்தில் அன்ரோனெற். வழக்கமாகக் கத்துகிற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன் — ஒன்றும் முழங்கவில்லை. பார்த்தால், அவள் பாடியபடியே ஒரு விரலை அந்தத் தடித்த கம்பியில் வைத்திருக்கிறாள். அடுத்த அடியில் எடுத்தாள். பிறகு வைத்தாள். எங்கே வைப்பது, எங்கே எடுப்பது, ஒரு இடமும் பிசகவில்லை. ஒன்றிரண்டு நாளில் வருகிற பழக்கமா அது?

பூசை முடியப் பிரான்சிஸ்கா நான் இருந்த வாங்குக்குக் கிட்ட வந்தாள்.
"கண்டனீரே?"
"ஓம்" என்றேன்.
அவள் போகவில்லை. நானும் போகவில்லை.