எண் சரி, தலை நாலு

ஹைஃபா, 12 ஜூலை 1951

என் செல்ல வாலு சுரிகாவுக்கு,

புதிதாக வந்தவர்களை வைத்திருக்கும் கூடாரத்திலிருந்து எழுதுகிறேன். ரொட்டியில் மணல், காதில் மணல், இந்தக் கடிதத்திலும் இருக்கும், உதறிவிட்டுப் படி. நம் ஊர் யாஷில் கடிகாரம் பழுதுபார்த்த அப்பா இங்கே ஆரஞ்சுத் தோப்பில் குழி வெட்டுகிறார். அவர் கையைப் பார்த்து அம்மா அழுகிறாள். ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டோம்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள்? நாம் இரண்டு வீடும் ஒரே வாரத்தில்தானே நாட்டை விட்டுப் போக மனுக் கொடுத்தோம். உங்களுக்கு மட்டும் ஏன் வரச்சொல்லி அட்டை வரவில்லை என்று அப்பா தினமும் கேட்கிறார். கேட்டுவிட்டு பாஸ்போர்ட் அலுவலக ஜன்னல்காரர் கதையை ஆரம்பிப்பார். அப்பா அட்டையை நீட்டினாராம். அவர் கோப்பைப் புரட்டி, "நம்பர் சரி. தலை நாலு, அதுவும் சரி. பேருதான் தப்பு. எந்தக் கழுதை எழுதிச்சோ" என்று கோப்பிலிருந்த பெயரை அடித்து எங்கள் பெயரை, 'சல்மனோவிச்' என்று எழுதினாராம். யார் பெயரை அடித்தார் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, ஜன்னல் உயரம். ஒரு கழுதையின் புண்ணியத்தில் கப்பல் ஏறினோம், அது நன்றாக இருக்கட்டும்.

உன் பக்கத்து வீட்டுக்காரியாக இல்லாமல் போன,
கிஸெலா


யாஷ், 30 ஆகஸ்ட் 1951

அடி கிஸி,

இது தபாலில் வரவில்லை, அங்கே பிரித்துப் படிக்கிறார்கள். உங்கள் பக்கம் கப்பலேறிப் போகிற ஒருவரின் கோட்டுக்குள், துணிக்கும் துணிக்கும் நடுவில் வருகிறது. தைத்தது என் அப்பா. மனுக் கொடுத்ததற்காகத் தொப்பித் தொழிற்சாலை அவரை வேலையை விட்டு அனுப்பினாலும் ஊசி அவரை அனுப்பவில்லை. உள்ளே இருப்பது என் 'மாமி நலமா' கடிதம் என்று அவர் நினைக்கிறார்.

நீ வாழ்த்திய கழுதை நான்தான்.

உங்களுக்கு அட்டை வந்த நாளை நினைத்துப் பார். ஏப்ரல் ஒன்று. அந்த அட்டையை ஊதா மையில் நான்தான் எழுதினேன். முத்திரை, உருளைக்கிழங்கில் வெட்டியது. நீ முற்றம் முழுக்கக் குதிப்பாய், நான் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிப்பேன், அவ்வளவுதான் திட்டம். அன்று பார்த்துப் பள்ளியில் எங்களைச் சாயங்காலம்வரை இரும்புத் துண்டு பொறுக்க வைத்தார்கள். வந்து பார்த்தால் உன் அப்பா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். உன் அம்மா, இனி வேண்டாம் என்று, என் அம்மாவுக்குத் தலையணை கொடுக்கிறாள். விளையாட்டு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஜன்னலில் விரட்டிவிடுவார்கள், வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவார்கள், முடிந்தது என்று நினைத்தேன். அரசாங்கம் என் உருளைக்கிழங்கை மதிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னும் கேள். அட்டைக்கு ஒரு எண் வேண்டும். உங்கள் எண் எனக்குத் தெரியாது. அதனால் அப்பாவின் மனு ரசீதைப் பார்த்து 2717 என்று போட்டேன். அது எங்கள் எண்.

போன வாரம் அப்பாவோடு வரிசையில் நின்றேன். நாலு மணி நேரம் சூரியகாந்தி விதை கடித்தோம். கியூவில் நின்று என் கால் கூவியது. ஜன்னல்காரர் சொன்னார்: "ரெண்டாயிரத்து எழுநூத்துப் பதினேழா? அது மே மாசமே கப்பல் ஏறிடுச்சே." அப்பா, "ஐயா, நான் இங்கதானே நிக்கிறேன்" என்றார். "நீங்க நிக்கலாம், நம்பர் போயிடுச்சு. அடுத்தவங்க வாங்க."

எண் போய்விட்டது, எண்ணம் போகவில்லை. அப்பா தினமும் அந்த ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நான் சொன்னால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? சொல்லாவிட்டால் நாங்கள் இங்கேயே கிடப்போமா? நீ சந்தோஷமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷமா, எரிச்சலா? ஒன்றும் விளங்கவில்லை.

கழுதை


ஹைஃபா, 14 அக்டோபர் 1951

சுரிகா,

உன் கடிதத்தை நானும் அப்பாவும் மட்டும் படித்தோம். அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. அங்கே திரும்பிப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்கிறார். எப்படிப் போவார், நீச்சலடித்தா?

தபாலில் எழுதுகிறேன், அதனால் சுருக்கம். உன் ஏழுக்கு எப்போதும் ஒரு வால் உண்டு. பள்ளியில் நாலு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். அன்று அப்பா கையில் அட்டையைப் பார்த்த நிமிஷமே அது உன் எழுத்து என்று எனக்குத் தெரியும். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். மூடிவிட்டேன். கப்பலிலும் மூடியே இருந்தேன். அது யாருடைய எண் என்று மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? ஆம் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

கிஸெலா


யாஷ், 20 டிசம்பர் 1951

அடி ஊமைக் கோட்டானே,

இதுவும் ஒரு கோட்டுக்குள்தான் வருகிறது. பத்து நாள் கோபமாக இருந்தேன். உன் படத்துக்கு மீசை வரைந்தேன். நான் பொய்யை எழுதினேன், நீ அதை எழுதாமல் சொன்னாய். யார் பெரிய திருடி என்று யோசித்து யோசித்துத் தலைவலி வந்தது.

போன செவ்வாய் தபால்காரர் ஒரு அட்டையை என் அம்மாவிடம் கொடுத்தார். சல்மனோவிச் குடும்பம், நாலு பேர், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு வரவும். எண் 3108. கிஸி, உங்கள் நிஜ அட்டை வந்துவிட்டது, நீங்கள் போய் ஏழு மாதம் கழித்து. முத்திரையை முகர்ந்துகூடப் பார்த்தேன். கிழங்கு இல்லை.

அப்பா, "அடுத்தவன் அட்டை, திருப்பிக் கொடுத்துடலாம்" என்று கோட்டை எடுத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா உட்கார்ந்தார். "முத்திரை எதுலடி செஞ்ச?" என்றார்.

"உருளைக்கிழங்குலப்பா."

"முழுசா?"

"பாதி."

"மீதி?"

"அன்னிக்கு சூப்புல போட்டாங்க. நீங்ககூட நல்லாருக்குன்னு சொன்னீங்க."

அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா, இன்னும் எனக்குத் தெரியாது. அம்மாதான் அட்டையை எடுத்து அவர் பையில் வைத்தாள். "அவங்க நம்ம நம்பர்ல போனாங்க. நாம அவங்க நம்பர்ல போவோம். எழுந்திரு."

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "பொய் சொல்லப் பழகினவ நீதான், நீயே நீட்டு." நீட்டினேன். அதே வழுக்கை, அதே ஜன்னல். கோப்பைப் புரட்டினார். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா எங்கள் அடையாளச் சீட்டையும் நீட்டினார்.

"நம்பர் சரி. தலை நாலு, சரி. பேருதான் தப்பு" என்றார். பேனாவை மையில் தொட்டு 'சல்மனோவிச்' மேல் கோடு போட்டு எங்கள் பெயரை, 'குட்மன்' என்று எழுதினார். எங்களை அவருக்கு நினைவிருந்ததா, கழுதைகளை அடித்துத் திருத்தியே பழகிவிட்டாரா, தெரியவில்லை. நிமிராமலே, "சீக்கிரம் கிளம்புங்க, வெளியே போற கதவைச் சாத்தப்போறாங்கன்னு பேச்சு" என்றார்.

ஜனவரியில் கான்ஸ்டான்சா துறைமுகத்திலிருந்து கப்பல். உன் அப்பாவைச் சாப்பிடச் சொல். ஒரு கோப்பில் பெயரைத் திருத்தினார்கள், இன்னொன்றில் திருத்தினார்களோ இல்லையோ. கப்பல் பட்டியலில் நாங்கள் யார் என்று எங்களுக்கே தெரியாது. அதனால் துறைமுகத்தில் நின்று இரண்டு பெயரையும் கத்து. எதற்குத் திரும்புகிறேனோ, அது நான்.

சுரிகா
(ஏழுக்கு இனி வால் வைக்க மாட்டேன்)