கதவில் கை வைத்த பிறகு

சோர்வுட் க்ரீக், கென்டக்கி
செப்டம்பர் 19

அன்பு மகள் ட்ரெஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும். இங்கே நான் சுகம், ஆனால் அக்டோபர் ஆறாம் தேதி என் இடது கால் சுண்டுவிரலை எடுக்கப்போகிறார்கள். பதறாதே, ஒரு விரல்தான், கால் தப்பித்துவிட்டது. பார், முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டேன், உன் அம்மா இப்படிச் சொல்லுகிற ஆளா? இந்தப் புதுப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியை மலை தின்றுவிடும், எனக்கோ நேற்றிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் நம் கிளினிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டாக்டர் ஹாலிஸ் செப்டம்பரோடு போகிறாள், அதன் பிறகு நோயாளிகள் கம்ப்யூட்டர் திரையில் வேறு ஊர் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. போன் சிக்னலே ஒழுங்காக வராத ஊரில் திரை! நேரில் பார்க்க வேண்டுமென்றால் மலைக்கு அந்தப்பக்கம் ஐம்பத்தெட்டு மைல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தொண்ணூற்று நாலில் ஒருத்தர் விட்டுப் போனார், இரண்டாயிரத்து மூன்றில் ஒருத்தர், இரண்டாயிரத்துப் பதினொன்றில் போன தாடிக்காரர் நான் கோழிக்கறி கொடுத்தனுப்பிய கண்ணாடிப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டே போனார், இன்றுவரை வரவில்லை. இவள் பதினோரு வருஷம் நின்றவள், உன் அப்பாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்தவள், இவளுமா என்று சர்க்கரை பார்க்கிற சாக்கில் நேரம் வாங்கிக்கொண்டு சண்டை போடப் போனேன்.

போட்டேன். அவளுக்கு ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம்தான், அது லெக்சிங்டனில் இருந்து கிளினிக்கை நடத்துகிற கம்பெனியின் சட்டம், நாளைக்கு இருபத்திரண்டு பேர். அதில் பதிமூன்று நிமிஷம் நான் திட்டினேன். முதலில் அவள் அம்மாவைப் பற்றி விசாரித்தேன், மரியாதை இருக்கிறதல்லவா, அப்புறம் தோட்டத்து பீன்ஸ், அப்புறம் திட்டு. அவள் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தாள். அப்போதுதான் நான், "ஆமா டாக்டரம்மா, இந்தச் சுண்டுவிரல் ஒரு மாதிரி கறுப்பா இருக்கு, வலியே தெரியல" என்றேன். அவள் திரும்பி வந்து காலுறையைக் கழற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "ஓர்லீனாம்மா, நான் உங்கள விட்டுட்டுப் போகல, இந்தக் கதவை விட்டுட்டுப் போறேன். வெளிய ஆறு பேர் உக்காந்திருக்காங்க. ஆறு பேரும் எதுக்கு வந்தாங்களோ அதை நான் கதவுல கை வச்ச பிறகுதான் சொல்லுவாங்க. கம்பெனி குடுத்த நேரம் அங்க முடிஞ்சிருக்கும், என் வேலை அங்கதான் ஆரம்பிக்கும். அதையெல்லாம் வீட்டுக்குப் போய் டைப் அடிக்கிறேன், என் பொண்ணு தனியாச் சாப்பிட்டுட்டுத் தூங்கிடுறா. எனக்கு முடியலம்மா" என்றாள்.

ட்ரெஸ்ஸா, வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கம்பெனி மேல்தான் தப்பு, அதை நான் மறக்க மாட்டேன், ஆனால் எங்கள் தப்பும் அதில் இருக்கிறது. இந்த மலையில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நம் கஷ்டத்தை முதலில் அவிழ்த்துப் போடுவது அநாகரிகம் என்று என் அம்மா எனக்குச் சொன்னாள், நான் உனக்குச் சொன்னேன். டாக்டர் அறையையும் வீடாக நினைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு சபையில் பிரசங்கி பாட்டு நம்பர் சொல்லுமுன் நான் எழுந்து நின்றேன். "டாக்டரம்மா ரூமுக்குள்ள போனா முதல் வார்த்தை வியாதியா இருக்கணும். தக்காளி காய்ச்சதெல்லாம் அங்க வேணாம்" என்றேன். பின் வரிசையிலிருந்து கிழவன் ஹோபர்ட், "என்னடி இது, உள்ள போனதும் ஒரு வணக்கம்கூட இல்லாம மூலத்தைப் பத்தியா பேசுறது?" என்றான். "மூலத்துக்குத்தானே போற, அப்ப அதைப் பேசு, வணக்கத்தை எங்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றேன். சபையே சிரித்தது. அப்போது வெர்லா எழுந்தாள். எண்பத்தேழாம் வருஷம் என் ஆப்பிள் அடுக்குக் கேக்கைத் தன் கேக் என்று கண்காட்சியில் வைத்து முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கினாளே, அதே வெர்லா. "இவ சொல்றது சரி. ஆனா நம்ம சனம் பேசாம இருக்காது. அந்தப் பேச்சை வெளியவே கறந்துட்டு உள்ள அனுப்பணும்" என்றாள். யோசனை அவளுடையதுதான், பொய் சொல்ல மாட்டேன். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

மறுநாளிலிருந்து காத்திருக்கிற அறையில் நானும் அவளும் ஒரே பெஞ்சில், ஒரு பிளாஸ்க் காப்பியோடு. வருகிறவர்களிடம் மாடு, மழை, மருமகள், எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வோம். பெயர் கூப்பிடும்போது வெர்லா அவர்கள் கையைப் பிடித்து, "முதல் வார்த்தை என்ன?" என்பாள். அவர்கள் வாய் திறக்குமுன் நான், "எங்ககிட்ட இல்ல, உள்ள!" என்பேன். மூன்றாம் நாள் டை கட்டின கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து, நோயாளிகளிடம் வியாதியை விசாரிப்பது சட்டப்படி குற்றம் என்றான். "தம்பி, வியாதியை யாரு கேட்டா? அதைத் தவிர மத்த எல்லாத்தையும்தான் கேக்குறோம். நீ உக்காரு, உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றேன். அவன் முக்கால் மணி நேரம் பேசினான், பாவம்.

இதைக் கேள். சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்த டெல்மர் வந்தான், வெறும் பிரஷர் மாத்திரைக்கு. அவன் நாய் ஏழு குட்டி போட்ட கதையை முழுக்க வெர்லாவிடம் கொட்டினான். உள்ளே போனபோது சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை, "மூணு நாளா நெஞ்சு வலிக்குது, இடது கை மரத்துப் போகுது" என்று நின்றபடியே சொல்லியிருக்கிறான். டாக்டர் உட்காரக்கூட இல்லை, ஆம்புலன்ஸ்! இதயத்தில் இரண்டு அடைப்பு. இன்று பிழைத்து வீட்டில் இருக்கிறான். அன்று ஹாலிஸ் எங்கள் பெஞ்சுக்கு வந்து இரண்டு கிழவிகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், வெர்லாவின் முழங்கை என் விலாவில் குத்தியது, பொறுத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஹாலிஸ் சொல்லிவிட்டாள், மரியாதையை மாற்றினால் மட்டும் போதாது என்று. கம்பெனிக்கு எழுதினாள்: ஆளுக்கு இருபது நிமிஷம் வேண்டும், நான் பேசும்போது டைப் அடிக்க ஒரு ஆள் வேண்டும், இல்லையென்றால் முப்பதாம் தேதி சாவியைக் கொடுக்கிறேன். அவள் போவதாக முதலில் சொன்னதிலிருந்து அவர்கள் ஏழு மாதமாக விளம்பரம் கொடுத்தும் இந்த மலைக்கு ஒரு டாக்டரும் வரவில்லையாம், அது அவளுக்குத் தெரியும். நேற்று பதில் வந்தது. சரி என்றுவிட்டார்கள்! ஒரு வருஷத்துக்கு மட்டும், அதன் பிறகு கணக்குப் பார்த்துச் சொல்வார்களாம், பார்க்கட்டும், நாங்களும் பார்ப்போம். அவள் வெளியே வந்து கதவில் இருந்த தாளைத் தன் கையால் கிழித்தாள். ஹோபர்ட் தொப்பியைத் தூக்கிப் போட்டான், அது விளக்கில் மாட்டிக்கொண்டது, இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அறுவைச் சிகிச்சைக்கு நீ வர வேண்டாம், டிக்கெட் விலை எனக்குத் தெரியும், வெர்லா வண்டி ஓட்டுகிறாள். ஆனால் ஒன்று. நீயும் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக நாளெல்லாம் நிற்கிறவள். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு பீன்ஸ் கேட்கிறாய், மழை கேட்கிறாய், போனை வைக்கப்போகிறபோது "கொஞ்சம் களைப்பா இருக்கும்மா, ஒண்ணுமில்ல" என்கிறாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவிருக்கிறது, ஈஸ்டர் அன்றைக்கு உன் குரல் நடுங்கியதும் சேர்த்து. நாளை மறுநாள் ஞாயிறு கூப்பிடும்போது பீன்ஸைக் கேட்காதே, முதல் வார்த்தை உன் களைப்பாக இருக்கட்டும். மலை தின்றால் திரும்பச் சொல், நான் போனை வைக்க மாட்டேன்.

ஆண்டவர் உன் கால்களுக்கும் முதுகுக்கும் பலம் தரட்டும், பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் வை.

உன் அம்மா,
ஓர்லீனா ஸ்டாம்ப்பர்