அப்பாவின் தாடியும் மூச்சு மிஷினும்

மாதா துணை
கவரைப்பேட்டை

அன்பு மகன் பென்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல், போலீஸ்காரன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அது பொய் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் இங்க அல்லாரும் நல்லாக்கீறோம் நைனா, நீ பேஜாராவாதே என்று முந்திக்கொள்கிறார். நீயும் அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த மாசம் ஊருக்கு வர பேப்பர் வந்துடும்மா என்கிறாய். அப்பனும் பிள்ளையும் ஒருத்தருக்கொருத்தர் நன்றாக நடிக்கிறீர்கள், நடுவில் நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் சிநேகிதன் சாலமோன் லீவு முடிந்து சவுதிக்கு, தமாமுக்கே திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் வஞ்சிரக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை அறையில் எல்லாருக்கும் பங்கு வைத்து முதல் நாளே காலி பண்ணாதே.

விஷயத்துக்கு வருகிறேன், பயப்படாமல் படி. அப்பா இப்போது மில்லில் கிரேன் ஓட்டவில்லை, கேட்டில் உட்கார்ந்து உள்ளே வருகிற லாரிக்குச் சீட்டுக் கொடுக்கிறார். மழைக்கு முன்னால் ஒரு நாள் கிரேன் கேபினிலேயே தூங்கிவிட்டார். கொக்கியில் இரும்புக்கட்டு அந்தரத்தில் தொங்குகிறது, கீழே நின்ற ஆள் விசில் ஊதிப் பார்த்தானாம், கத்திப் பார்த்தானாம், அசையவில்லை. ஒருத்தன் ஏணியேறிப் போய்த் தட்டித்தான் எழுப்பியிருக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது அந்தத் தாய் செய்த புண்ணியம். கீழே இறக்கியதும் குடித்திருக்கிறாரா என்று வாயை ஊதச் சொன்னார்களாம். பச்சைத் தண்ணியத் தவிர ஒண்ணியும் தொடாதவன், என்னிய ஊதச் சொல்லிட்டானுங்களே என்று இன்றைக்கும் சாப்பிடும்போது நினைத்துக்கொண்டு சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார். அப்புறம் உன் அக்கா ஷைனிதான் வேப்பம்பட்டிலிருந்து வந்து, சண்டை போட்டு, மெட்ராசில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஸ்லீப் ஆப்னியா என்று பெயர் சொன்னார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம், ஒரு மணி நேரத்தில் எத்தனையோ தடவை. அதனால் படுத்தாலும் அவர் தூங்கவே இல்லையாம். நாமெல்லாம் மில்லே ஓடுது பார் என்று சிரிப்போமே அந்தக் குறட்டை, அது குறட்டை இல்லை பென்னி, மூச்சுக்குத் திண்டாடிய சத்தம்.

மருந்து மாத்திரை கிடையாது, மிஷின்தான் என்றார் டாக்டர். முகத்தில் மாஸ்க் போட்டுப் படுக்க வேண்டும், மிஷின் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையை மூடவிடாமல் பார்த்துக்கொள்ளும். கம்பெனி டாக்டரும் ஒன்று சொல்லிவிட்டார். மிஷினுக்குள் ஒரு சின்ன கார்டு இருக்கிறதாம், இவர் போட்டாரா இல்லையா, மூச்சு நின்றதா இல்லையா எல்லாம் அதில் ஏறிவிடுமாம். ஒரு மாசம் ஒழுங்காகப் போட்டு அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால் கிரேனைப் பற்றி யோசிப்போம், இல்லாவிட்டால் கேட்டோடு சரி, வயசும் ஆகிறது, வீட்டுக்குப் போகச் சொன்னாலும் சொல்வார்கள் என்றார். மிஷின் விற்கிற கம்பெனியிலிருந்து சோனியா என்று ஒரு பெண் பை நிறைய மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள், ஷைனி வயசுதான் இருக்கும், நல்ல பொறுமை. மிஷினைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக முடிந்தது, மூச்சைப் பார்த்துத் தானே காற்றைக் கூட்டிக் குறைக்கிற மிஷின் நல்லது என்றாள், சரி என்றோம். நம்ம ஊர் கரெண்டை நினைத்துக் கேட்டேன், இன்வெர்ட்டரில் ஓடும் ஆன்ட்டி என்றாள். மாஸ்க்கில்தான் வந்தது வினை. மூக்குத் துளையில் மட்டும் செருகுகிற சின்னது ஒன்று, மூக்கை மூடுகிறது ஒன்று, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரியது ஒன்று. அப்பாவுக்கு மில் தூசியிலேயே மூக்கு அடைத்துப்போய் எந்தக் காலமோ ஆச்சு, வாயால்தான் மூச்சு விடுகிறார், அதனால் பெரியதுதான் சரி என்று அந்தப் பெண் எடுத்து மாட்டினாள். மிஷினைப் போட்டதும் தாடிக்குள்ளேயிருந்து நாலு பக்கமும் புஸ் புஸ் என்று காற்று அடிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை அவருக்கு. தாடி இருந்தா ஒட்டாது அங்கிள், ஷேவ் பண்ணிட்டா இதே மாஸ்க் கரெக்டா உட்காரும் என்றாள். அத்த மட்டும் கேக்காதம்மா, தாடிய வச்சிக்கினே போட்டுக்கிற மாதிரி இன்னா கீது காட்டு என்றார் உன் அப்பா.

அந்தத் தாடி உனக்குத் தெரிந்த தாடிதான். உன் முதலாளி கம்பெனியை மூடிவிட்டு ஓடி, அங்கே தங்குவதற்கான இக்காமா அட்டையைப் புதுப்பிக்க ஆளில்லாமல் நீ அங்கேயே மாட்டிக்கொண்டாயே, அந்த வாரமே வேளாங்கண்ணிக்குப் போய், என் புள்ள ஊடு வந்து சேர்ற வரைக்கும் மூஞ்சில கத்தி வைக்க மாட்டேன், அவன் கையப் புடிச்சிக்கினு வந்து இங்கதான் எடுப்பேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அப்போது மூன்று நாள் முள்ளாக இருந்தது, இப்போது நெஞ்சைத் தொடுகிறது, வெள்ளை வெளேரென்று. மில்லில் சின்னப் பசங்கள் சாமியாரே என்று கூப்பிடுகிறார்களாம்.

தாடியை விடாமல் காற்றைப் பிடிக்க நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் நீ சிரிப்பாய். எண்ணெய் தடவிப் படிய வாரினால் ஒட்டும் என்று அவரே ஒரு யோசனை கண்டுபிடித்துத் தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டார், மாஸ்க் வழுக்கிக்கொண்டு நெற்றிக்குப் போய்விட்டது. அப்புறம் சோனியாவிடம் கெஞ்சி அந்தச் சின்ன மாஸ்க்கையும், வாய் திறக்காமல் தாடையைத் தூக்கிக் கட்டுகிற ஒரு பட்டையையும் வாங்கி வைத்தார். இது உங்களுக்கு ஒத்து வராது அங்கிள் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன். நடு வீட்டில் பாய், வெள்ளை வேட்டி, கை இரண்டும் நெஞ்சின் மேல், தாடையைத் தூக்கித் தலையோடு கட்டியிருக்கிறது, மூக்குத் துளை இரண்டிலும் வெள்ளையாக அடைத்திருக்கிறது. கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டவில்லை, அது ஒன்றுதான் குறை. நான் போட்ட கூச்சலில் அரிசி ஒரு பக்கம் பை ஒரு பக்கம், எதிர் வீட்டு சின்னப்பொண்ணு ஓடி வந்து அவளும் என்னோடு சேர்ந்து மாரில் அடித்துக்கொள்கிறாள். உன் அப்பா கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துவிட்டு, இன்னாடி ஆச்சி, யாரு பூட்டாங்க என்று கேட்டார். சின்னப்பொண்ணு சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டையைக் கத்தரியால் நறுக்கி அடுப்படிக் குப்பையில் போட்டேன். அப்படி ஒரு தரம் அவரைப் பார்த்துவிட்டேன் பென்னி, இன்னும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டைதான். பங்குச் சாமியாரிடம் இழுத்துப் போனேன். அவரும், ஜோசப், உயிரைக் கொடுத்து நேர்த்திக்கடன் செலுத்தணும்னு மாதா கேட்கலை, தாராளமா எடுங்க, நான் சொல்றேன் என்றார். வெளியே வந்து, அவரு சொல்லுவாரு, அவருக்கு புள்ளயா குட்டியா என்றார் உன் அப்பா. நான் விடவில்லை. அப்போதுதான் கோயில் கேட் பக்கம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, நான் இத்த எடுத்துட்டு அங்க அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடிச்சின்னா நீ எனக்குப் புள்ளயத் தருவியா கிரேஸ் என்று கேட்டார். மிஷின் மேசை மேல் துண்டு போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது, அந்தக் கார்டில் ஒன்றும் ஏறவில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் வேலை முடிந்து வரும்போது கும்மிடிப்பூண்டி சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டரிலேயே கண் செருகி, மண்ணில் சாய்ந்திருக்கிறார். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரன் பிரேக் போட்டதால்தான் நான் இந்தக் கடிதத்தை இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. ஷைனிக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினேன். மாதா முன்னால் நின்று, தாயே, அவர் உன்கிட்ட சொன்ன வாக்க நான் வாங்கிக்கிறேன், அவர் தாடிக்குப் பதிலா என் தலைய எடுத்துக்கோ, என் புள்ள மேல கோவிச்சிக்காதே என்று சொல்லிவிட்டுப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். பெரிய கூந்தல் ஒன்றும் இல்லை, உனக்குத் தெரியுமே, நரைத்துப்போன எலிவால் பின்னல், மாதாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஷைனி மணலில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்து முக்காட்டை எடுத்ததும் உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னா காரியம் செஞ்சே என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கிணற்றடியில் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரில் மாட்டிவிட்டு, கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறார். நான்தான் கத்தரிக்கோலை வாங்கி வெட்டிவிட்டேன், மீதியை அவரே மழித்தார். வெட்டின தாடியைக் கீழே விழவிடவில்லை, கைக்குட்டையில் முடிந்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்திருக்கிறார், நீ வந்ததும் கொண்டுபோய்ச் செலுத்த. தாடி போனதும் முகம் இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்று எனக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது, கன்னமெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது.

மாஸ்க் இப்போது உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மத்தியானம் போட்டுக்கொண்டு படுத்தார். குறட்டை இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்திலேயே சமைத்து, துவைத்து, தூங்கினவள் நான், சத்தம் நின்றதும் பயம் வந்துவிட்டது, போய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து, விடிஞ்சிடிச்சா என்று கேட்டார். உடம்பு தேறும் போலத்தான் இருக்கிறது. மனசுதான் தேறவில்லை. திடீரென்று எழுந்து மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பென்னிகிட்டேந்து மெசேஜ் வந்துச்சா பாரு என்கிறார். நீ கடைசியாக எப்போது வாட்ஸப் பார்த்தாய் என்று பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நீ ஒரு நாள் போனைத் திறக்காவிட்டால் அன்றைக்கு மாஸ்க்கைத் தொடுவதில்லை, கார்டில் அந்த நாள் காலியாகப் போகிறது. கிரேன் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா தெரியாது. அவர் கவலை அது இல்லை. தாடியை எடுத்ததை நீ பார்த்துவிடக் கூடாது என்று வீடியோவில் போனை என் பக்கம் திருப்பிவிட்டுப் பின்னாலிருந்து பேசுகிறார், நீ கவனித்தாயோ இல்லையோ. என் முக்காட்டைப் பார்த்து, கோயிலுக்குக் கிளம்பிட்டியாம்மா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடிதம் கிடைத்ததும் அப்பாவை வீடியோவில் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிடு. தாடி எடுத்தது நல்லதுதான்ப்பா, எனக்கு ஒண்ணும் ஆகலை, பாருங்க என்று உன் வாயால் சொல், உன் முகத்தைக் காட்டிச் சொல். சாமியார் சொல்லிக் கேட்காதவர் நீ சொன்னால் கேட்பார். அப்புறம் உன் பேப்பர் விஷயம். அடுத்த மாசம் இல்லை என்றால் இல்லை என்று என்னிடமாவது சொல்லு, நான் தாங்கிக்கொள்வேன், நீ வருவாய் என்று ஒவ்வொரு மாசமும் பலகாரத்துக்கு அரிசி ஊறவைத்துக் காத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இது குடும்பத்தில் வருகிற வியாதியாம், உன் அறையில் படுக்கிற பசங்களை உன் குறட்டையைக் கவனிக்கச் சொல்லு, மல்லாந்து படுக்காதே. நடுவில் மூச்சு நின்றால் எட்டிப் பார்க்க அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஆரோக்கியத் தாய் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தமும். ஊருக்கு வருகிற யார் கையிலாவது எனக்குப் பதில் கொடுத்தனுப்பாமல் விடாதே, இங்கே ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்கு போனைத் திறந்து வை, மறந்துவிடாதே. என் தலையில் முடி முளைக்க ஆரம்பித்துவிட்டது பென்னி, தடவினால் கையில் குத்துகிறது. நீ வருவதற்குள் இது பின்னல் போடுகிற அளவுக்கு வளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது என் ஜெபம்.

உன் வரவையே பார்த்திருக்கும்
அம்மா கிரேஸ்