செங்கம்மா பெயருக்கு விழுந்த பரிசு

நாகலாபுரம்,
1955 ஐப்பசி, புதன்கிழமை.

தம்பி கோவர்த்தனனுக்கு உன் அக்கா லட்சுமம்மா ஆசீர்வதித்து எழுதியது. சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீயும் உன் பெண்சாதி பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தபாலை நம்பாமல் உங்கள் ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு வரும் கமலம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

குறுக்கெழுத்துப் போட்டியில் செங்கம்மாவுக்குப் பரிசு என்று பத்திரிகை ஆபீஸ் கடிதம் உன் விலாசத்துக்கு வந்து நீ இங்கே அனுப்பினாயே, அதைப் பார்த்து நீ என்ன நினைத்தாயோ. என் மகள் காய்ச்சலில் போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. அவளுக்கு ஏதப்பா பரிசு?

ஆளுக்கு ஒரு கூப்பன்தான், அதுவும் சென்னை ராஜ்யத்துக்காரர்களுக்கு மட்டும் என்பது அவர்கள் விதி. ராஜ்யம் பிரித்ததில் நாங்கள்தான் ஆந்திராவில் விழுந்துவிட்டோமே! அதனால் உன் மாமா உன் விலாசம் போட்டு, வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் அனுப்பிக்கொண்டிருந்தார். செங்கம்மா இருந்தபோது அவள் பெயருக்கு ஒரு சின்னப் பரிசு விழுந்தது. அதிலிருந்து, "அவ பேருக்குத்தான் ராசி" என்பார். அவள் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

பரிசுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தெரிந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை நம் சின்னவள் வரலட்சுமியைச் செங்கம்மா என்று சொல்லிப் பட்டணம் அழைத்துப் போகிறார். வழியில் உன்னையும் சாட்சிக்குக் கூட்டிப் போவாராம். பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான்; அவளுக்குத் தமிழில் தன் பெயரே எழுத வராது. அவள் கையைப் பிடித்து சிலேட்டில் செங்கம்மா, செங்கம்மா என்று எழுத வைக்கிறார். முந்தாநாள் சோற்றின் முன்னால் உட்கார்ந்தவள், "யம்மா, நான் அக்கா ஆய்ட்டா நானும் செத்துப்பூடுவனா?" என்று கேட்டாள். ஐயோ தம்பி! அவள் அன்று சாப்பிடவே இல்லை.

கிணறு வறண்டு கிடக்கிறது. பரிசு வந்தால் ஆழப்படுத்தலாம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் எவனோ ஒரு மனுஷன் தன் பெயரில் ஒரே கூப்பன் அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பான். அவன் வாயில் மண்ணைப் போட்டு நாம் தண்ணீர் குடிக்க வேண்டுமா? செத்த பிள்ளையை வைத்துச் சூதாடுகிறீர்களே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை. "அவ பேர எழுதறதுக்கு எனக்கு வேற எடம் ஏதுடி?" என்று சொல்லி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஆனால் விடிந்ததும் மறுபடி சிலேட்டை எடுத்துவிட்டார்.

உன் காலில் விழுகிறேன், சாட்சிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிடு. நீ போகாவிட்டால் காரியம் நடக்காது. திட்டுவார், பொறுத்துக்கொள். பசியோடு வருவார், சோறு போட்டுத் திருப்பி அனுப்பு. பரிசு வேண்டாம் என்று ஆபீஸுக்கு நீயே எழுதிப் போடு. செல்லாது என்றே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கூப்பனை மட்டும் கிழிக்காமல் திருப்பி அனுப்பச் சொல். அதில் அவர் கையால் எழுதிய அவள் பெயர் இருக்கிறது.

உன் பிள்ளைகள் அவரவர் பெயரோடு நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
செங்கம்மாவுக்கும் வரலட்சுமிக்கும் தாய்,
உன் அக்கா லட்சுமம்மா.