ஞாயிற்றுக்கிழமை குழி திறக்கிறாங்க

என்னங்க,

காலை பஸ்ஸுக்கு மலை ஊருக்குக் கிளம்பிட்டேன். உங்க அப்பாவைப் புதைச்சு மூணு வருஷம் ஆச்சு. ஊர் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை குழியைத் திறந்து எலும்பை எடுக்கிறாங்க. ஒயின் ஊத்திக் கழுவுறதை நானும் உங்க தங்கச்சி மருலாவும் பார்த்துக்குவோம். ஆனா மண்டையோட்டைக் கையில வாங்கி முதல் முத்தம் கொடுக்க வேண்டியது மகன்.

கார் சாவி ரொட்டி டப்பாவுல இருக்கு. சனிக்கிழமை சீக்கிரமா கிளம்புங்க, ஏதென்ஸைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். படையலுக்கு அவிச்ச கோதுமை மேஜைத் துணியில காயுது. கொறிச்சே தீர்த்துடாம எடுத்துட்டு வாங்க. பீன்ஸ் சூப் அடுப்பு மேல இருக்கு.

ஆலிவ் தோப்பை மாமா மருலா பேருக்கு எழுதினது தப்புதான். "அந்த ஆளு முகத்துல முழிக்க மாட்டேன்"னு நேத்தும் சொன்னீங்க. முழிக்கிறதுக்கு இனி முகம் எங்க இருக்கு?

ஸ்டமாத்தியா

பூட்ஸ் போட்டுட்டு வாங்க, கல்லறைப் படி வழுக்கும்.

இன்னொண்ணு. கடைசி நாள் அவர் போன்ல "பனாயிஸ் கிளம்பிட்டானா"ன்னு கேட்டப்போ, நீங்க பக்கத்துல உட்கார்ந்து மாட்டேன்னு தலையாட்டினீங்க. நான் "ஊர்க் கிணத்து வளைவுகிட்ட வந்துட்டார் மாமா"ன்னு பொய் சொன்னேன். கதவைத் தாழ் போடாதேன்னு மருலாகிட்ட சொல்லிட்டுத்தான் படுத்தாராம்.