நான்காவது கரை

அக்கா,

இன்று மாலை அப்பா பின்வாசலில் உட்கார்ந்து சாம்பிராணிக் கட்டிகளை உடைத்து மைலோ டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு. அந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. என் தலையணையிலும் ஏறிவிட்டது. எங்கள் முனீஸ்வரர் கோயிலுக்கு முதல் தடவை வந்தபோது நீங்கள் அந்தப் புகையில் தும்மிவிட்டு, யாராவது தப்பாக நினைத்துக்கொண்டார்களா என்று சுற்றிலும் பார்த்தீர்கள். யாரும் நினைக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

தங்கச்சி பக்கத்தில் தூங்குகிறாள். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார் என்பதால் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். விடிவதற்குள் இதைக் கிழித்துப் போட்டாலும் போடுவேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் எங்கள் லயத்து வீடுகளுக்கு முதலில் வந்த நாளில் மஞ்சள் தொப்பியும் பெரிய பூட்ஸும் போட்டிருந்தீர்கள். நாய்கள் விடாமல் குரைத்தன. கோயில் தலைவர் மாமா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். ஊர் புக்கிட் பெலிம்பிங் என்றீர்கள். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் குழியைக் கம்பெனி மூடப் போகிறது, எப்படி மூடுவது என்று திட்டம் போடுவதுதான் உங்கள் வேலை என்றீர்கள். மண்ணைப் போட்டு மூடுவீர்களா என்று அவர் கேட்டார்.

"அவ்வளவு மண்ணுக்கு எங்க போறது மாமா? எடுத்ததெல்லாம் வித்தாச்சே" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். பிறகு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கம்பெனி போன பிறகும் இந்த இடம் உங்களுக்குப் பயன்படணும். யாரையும் முழுங்கிறக் கூடாது. அதுக்குத்தான் இப்பவே பேசணும்."

எங்கள் பாலர் பள்ளிக் கட்டடத்தில் மணிலா அட்டைகளை ஒட்டி, குழியைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு, அங்கே என்ன இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பையன்கள் ஃபுட்சால் திடல் வேண்டும் என்றார்கள். தலைவர் மாமா மாட்டுக்குப் புல் வேண்டும் என்றார். "அப்படியே மாடு நீச்சல் அடிக்க ஒரு ஸ்விம்மிங் பூல் கட்டிக் குடுங்க லா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மா எழுந்து நின்று, கையுறைத் தொழிற்சாலை உடுப்பைச் சரிசெய்துகொண்டு, கீரை போட ஒரு துண்டு நிலமும் தண்ணீரும் இருந்தால் போதும் என்று சொன்னார். நீங்கள் எல்லாவற்றையும் வரைந்தீர்கள். கிழக்கே காய்கறிப் பாத்தி, தெற்கே புல், தண்ணீரில் மீன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. செங்குத்தாக நிற்கும் நான்கு கரைகளையும் சரிவாக வெட்டிவிட வேண்டும். தவறி விழுந்தவர் நடந்தே மேலே ஏறி வர வேண்டும், மாடும் ஏறி வர வேண்டும் என்றீர்கள்.

மூன்று கரைகளுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நான்காவது கரையின் விளிம்பில்தான் முனீஸ்வரர் இருக்கிறார். கம்பெனி வருவதற்கு முன்பே இருந்தவர். லோரி ஓட்டுநர்கள் காலையில் அவர் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் சக்கரத்தை நகர்த்துவார்கள். கம்பெனிக்காரர்களும் அவர் பக்கம் தோண்டப் பயந்து, கிட்டே போய் நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தக் கரை சுவர்போல நின்றது. அதைச் சரிவாக வெட்ட வேண்டுமென்றால் கோயிலை மாற்ற வேண்டும். மெயின் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோயில் வளாகத்தில் இடம் தருவதாகப் பேசி வைத்திருந்தீர்கள்.

அங்கே குருக்கள் இருக்கிறார். இங்கே என் அப்பாதான் பூசாரி. உங்களுக்கு அது தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அது என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. மணல் லோரியிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மாவின் சம்பளத்தில் சாப்பிடுகிறோம். மற்ற நாட்களில் அவர் சட்டையில்லாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார். பூசை நாளில் மட்டும் வேட்டி கட்டி நிமிர்ந்து நடப்பார். "பூசாரியாரே" என்று சொல்லி எல்லோரும் வழிவிடுவார்கள்.

கோயிலை மாற்றுவதா வேண்டாமா என்று பல வாரம் பேச்சு நடந்தது. சாமி கோபப்பட மாட்டார், பிள்ளைகள் விழாமல் இருந்தால் சந்தோஷம்தான் படுவார் என்று நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். "நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. எங்க சாமி மனசு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் முகம் சிவந்து, "சரி, அவர்கிட்டயே கேளுங்க" என்றீர்கள்.

அதனால்தான் உத்தரவு கேட்கும் பூசை வைத்தார்கள். வழக்கமாகச் சாமி வந்து ஆடுபவர் தஞ்சோங் காராங் நெல் ஆலையில் வேலை செய்பவர். அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பூப்போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து வைத்தார் அப்பா. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. நான் விரதத்தோடு தட்டு ஏந்தி நின்றேன். வெயில், புகை, வெறும் வயிறு. முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தேன். அவ்வளவுதான் நடந்தது, அக்கா. பள்ளி அணிவகுப்பில்கூட அப்படி விழுந்திருக்கிறேன்.

ஆனால் சாமி வந்துவிட்டது என்றார்கள். யாரோ நெற்றியில் திருநீறு அப்பினார்கள். தலைவர் மாமா, என் தாத்தா வயது மனிதர், என் முன்னால் மண்டியிட்டார். "ஐயா, உங்க இடத்த மாத்தச் சொல்றாங்க. உத்தரவு உண்டா?"

தண்ணீர் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது கற்பூரத் தட்டோடு நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். லோரியிலிருந்து விழுந்த அன்று ஆஸ்பத்திரியில், இனி நடக்க முடியுமா என்று டாக்டரைப் பார்த்தாரே, அதே முகம்.

"நகர மாட்டேன்" என்றேன்.

தொண்டை வறண்டிருந்ததால் குரல் தடித்து வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பூப்பொட்டலத்தை யாரும் பிரிக்கவே இல்லை. நீங்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வெறுங்காலோடு நின்றீர்கள். தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

மறுநாள் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர்கள். பிறகு மெதுவாக, "நேத்து என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். அதட்டிக் கேட்டிருந்தால் அழுது சொல்லியிருப்பேன். நீங்கள் அன்பாகக் கேட்டதால் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. இல்லை என்றேன். நம்பினீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாசி லெமாக்கை நான் முழுவதும் சாப்பிட்டேன். அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று கரைகளை வெட்டினார்கள். நான்காவதில் வேலி மட்டும் போட்டார்கள். செலவு மிச்சமானதால் கம்பெனிக்காரர்கள் மறுக்கவில்லை. மக்கள் விருப்பம் என்று உங்களிடமே திருப்பிச் சொன்னார்களாம். நீர் இறைக்கும் பம்பை நிறுத்தியதும் குழியில் தண்ணீர் ஏறியது. மழைக்காலம் வந்தது. அந்தக் கரையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, பையன்கள் வேலியை வளைத்து மீன்பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டீர்கள். உங்கள் வேலை அப்போது முடிந்துவிட்டது. வரவேண்டிய கட்டாயம் இல்லை. எச்சரிக்கைப் பலகைகளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வந்து, பையன்களை அந்தப் பக்கத்திலிருந்து விரட்டிவிட்டீர்கள். பலகையை நட்டுக்கொண்டிருக்கும்போது கரை உங்களோடு தண்ணீருக்குள் சரிந்தது. பையன்கள் எதிர்க்கரையிலிருந்து பார்த்தார்கள். நீங்கள் விழுந்த இடத்தில் நடந்து மேலே வரச் சரிவு இல்லை.

முனீஸ்வரருக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் அவர் காலடிவரை வந்து நின்றுவிட்டது.

உங்கள் இறுதிச் சடங்குக்கு உங்கள் வீட்டுக்கு வேனில் வந்தோம். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானா அந்தப் பிள்ளை? உன்னைப் பத்திச் சொல்லுவா. ரொம்ப மெலிஞ்சிருக்குன்னு கவலைப்படுவா" என்றார். என்னால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பும்போது தலைவர் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சாமி நகர மாட்டேன்னு சொன்னப்பவே அந்தப் பொண்ணு விட்டுருக்கணும். மீறிப் போய் அங்க நின்னுச்சு. காவு வாங்கிருச்சு" என்றார். அவருக்கு உங்களைப் பிடிக்கும். வெறுப்பில் சொல்லவில்லை. வேனில் எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். சாமியை எதிர்த்த அக்கா என்று.

மண் அள்ளும் இயந்திரங்கள் இந்த மாதக் கடைசியில் போய்விடும். அதற்குள் நான்காவது கரையையும் வெட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. மக்கள் முன்பைவிட உறுதியாக மறுக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை சாமியைக் கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை. தலைவர் மாமா வந்து, "பாப்பா, விரதம் இருந்துக்க. ஐயா உன்கிட்டதான் பேசுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்குச் சாமி வரவில்லை என்றேன். அவர் சாம்பிராணி உடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார். "சாமி வந்தவங்க யார் மொகத்தையும் பாக்க மாட்டாங்க. நீ என்னையப் பாத்த."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்குச் சந்தோசமா இருந்துச்சும்மா" என்றார். அந்த நேரம் அவருக்காகவும் எனக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டேன். பிறகு அவரே வழி சொன்னார். நான் வர வேண்டாம், காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்ளலாம். பூப்போட்டுப் பார்ப்பார்கள். "பொட்டலத்த நான்தானே மடிக்கிறேன். ரெண்டுலயும் வெள்ளப் பூதான் இருக்கும். கரைய வெட்டிருவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அவருடைய பூசாரி வேலையும் அதோடு போய்விடும். அது தெரிந்துதான் சொன்னார். கொஞ்ச நேரம் எனக்கு மூச்சு லேசாக வந்தது. நல்ல வழிதான். கரை சரிவாகும், அம்மாவுக்குக் கீரைப் பாத்தி வரும், யாரும் விழ மாட்டார்கள். நானும் தப்பித்துவிடுவேன்.

ஆனால் படுத்த பிறகு நினைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால், ஐயா காவு வாங்கிக்கொண்டு மனம் இறங்கிவிட்டார் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரிவில் புல் முளைத்து, மாடு மேய்ந்து, பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்கள். நீங்கள் கேட்டதெல்லாம் அங்கே இருக்கும். நீங்கள் மட்டும் சாமிக் குத்தத்தில் செத்தவராக இருப்பீர்கள்.

அதனால் போக வேண்டும், அக்கா. போய், கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பு, என் சொந்தக் குரலில், அன்றைக்குப் பேசியது நான்தான் என்று சொல்ல வேண்டும். அடிப்பார்களா, அப்பா மேல் துப்புவார்களா, தெரியாது. அம்மா தொழிற்சாலை வேனில் யார் பக்கத்தில் உட்காருவார், தெரியாது. 'நகர மாட்டேன்' என்ற அந்த இரண்டு வார்த்தைகளை நான் எங்கே போனாலும் வாயில் வைத்துக்கொண்டே அலைகிறேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அப்பா தட்டோடு அங்கேதான் நிற்பார். இந்த முறையும் அவர் முகத்தைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே சொல்லியாக வேண்டும்.